மழைத் தோட்டம்: தண்ணீர் தேங்கும் இடத்தில் வெட்டாதீர்கள்

கூரையில் விழும் மழைநீரை ஆழமில்லாத ஒரு பள்ளத்துக்குத் திருப்பி, செடிகளுக்கு நடுவே மண்ணில் ஊறவிடுவதுதான் மழைத் தோட்டம். புதிதாகப் போடுகிறவர்கள் ஒரே தவறுகளைத்தான் மாறி மாறிச் செய்கிறார்கள். களை எடுக்காதது, செடியை வாடவிட்டது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவை இங்கே வேண்டாம்.

தேங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது

"இங்கேதான் எப்போதும் தண்ணீர் நிற்கும், இங்கேயே வெட்டிவிடலாம்." இந்தப் பேச்சைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. தண்ணீர் நிற்கிறதென்றால் அங்கே மண் அதைக் குடிக்கவில்லை. அடியில் களிமண் இருக்கும். அல்லது வீடு கட்டும்போது லாரி ஏறி இறங்கி மண் இறுகியிருக்கும். அங்கே இன்னும் ஆழமாகத் தோண்டினால் குட்டைதான் கிடைக்கும். மழை விட்டு நான்கு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள்: ஓரத்தில் பாசி, நீரில் நெளியும் கொசுப்புழு, அடித்தண்டு கறுத்த செடிகள். அதன்பின் மண்ணை அள்ளிக் கொட்டி வேறு மண் நிரப்புவதற்கு ஆகும் கூலி, தோண்டிய கூலியைத் தாண்டிவிடும்.

தோண்டுவதற்கு முன் ஒரு சோதனை போதும். 30 செ.மீ. ஆழம், 15 செ.மீ. அகலத்தில் குழி எடுத்து நீர் நிரப்புங்கள். முதல் தடவை வடிவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காய்ந்த மண் எவ்வளவு ஊற்றினாலும் இழுக்கும். மறுபடி நிரப்பி, குச்சியில் கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 1.5 செ.மீ. என்றால் 15 செ.மீ. பள்ளம் பத்து மணி நேரத்தில் வடிந்துவிடும். 0.5 செ.மீ. என்றால் 30 மணி நேரமாகும். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். அதற்கும் குறைந்தால் வேறு இடம்தான். பெரும்பாலும் அந்தத் தேக்கத்துக்குச் சற்று மேட்டில், நீர் வரும் வழியிலேயே நல்ல மண் கிடைக்கும்.

களிமண்ணில் இரண்டு கூடை மணல் கலந்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, இன்னும் இறுகும். மட்கிய உரம் கலந்தால் பலன் உண்டு.

சுவரை ஒட்டி வெட்டுவது

அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர். செப்டிக் டேங்க் பக்கம் போகவே வேண்டாம்.

கணக்கில்லாமல் தோண்டுவது

100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். 15 செ.மீ. ஆழப் பள்ளத்தில் அதை நிறுத்த ஏறக்குறைய 17 சதுர மீட்டர் வேண்டும். அடி முழுக்க ஒரே மட்டமாக இருக்கட்டும், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நடு குழிந்தால் அங்கே மட்டும் நீர் நின்று, ஓரம் காய்ந்து கிடக்கும். ஈர மண்ணில் இறங்கி மிதித்தால் சோதித்த மண்ணை நீங்களே இறுக்கிவிடுகிறீர்கள்.

வழிந்தோட இடம் விடாதது

ஏரியில் மிஞ்சிய நீர் வழிந்தோடும் கலிங்கு மாதிரி இதற்கும் ஒன்று வேண்டும். கரையில் 30 செ.மீ. அகலத்துக்கு 5 செ.மீ. தாழ்த்திக் கல் பதியுங்கள். இல்லாவிட்டால் பெருமழையில் நீர் கரையை எங்காவது அறுத்துக்கொண்டு போகும். அந்த வாய் வீட்டையும் பார்க்கக் கூடாது, பக்கத்து மனையையும் பார்க்கக் கூடாது.

லேசான மரச்சீவல் மூடாக்கு

மண்ணை மூட மேலே பரப்பும் மரச்சீவல் லேசாக இருந்தால், மிதந்துபோய் அந்த வழிந்தோடும் வாயை அடைக்கும். நார்நாராகக் கிழித்த மரப்பட்டை போடுங்கள்.

தாமரை, அல்லி

வேண்டாம். பள்ளம் பெரும்பாலான நாள் காய்ந்துதான் கிடக்கும்.