தனியாகத் தயங்கி நிற்கிற தம்பியிடம் எப்படிப் பேசுவது

வாலிபர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒருவன் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நிற்பான். அடுக்கி முடித்ததையே மறுபடி நேராக்குவான். "அண்ணே, ஒரு ஜெப விண்ணப்பம் இருக்கு" என்பான். என்ன தம்பி என்று கேட்டால், "பொதுவா ஜெபிச்சுக்குங்க" என்று நழுவுவான். கோத்தகிரி, குன்னூர் பக்கத்து எஸ்டேட் சபைகளில் வாலிபர் பொறுப்பில் இருக்கிறவர்கள் இந்தத் தயக்கத்தை அடையாளம் காணப் பழக வேண்டும். பெரும்பாலும் அவன் சொல்ல வருவது சுயஇன்பப் பழக்கத்தைப் பற்றி, அல்லது ராத்திரியில் செல்போனில் பார்க்கிற ஆபாசப் படங்களைப் பற்றி. இரண்டும் சேர்ந்தே இருப்பதுதான் அதிகம்.

நான் வாரநாட்களில் எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறவன். அதனால் ஒரே ஆளை இரண்டு இடத்திலும் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து "முதுகு வலிக்குது, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு, ஒரு டானிக் குடுங்க" என்கிறவன்தான் ஞாயிறன்று "எனக்கு மன்னிப்பு கிடைக்குமாண்ணே" என்று கேட்கிறான். உடம்பு கெட்டுப்போச்சு என்ற பயமும் ஆத்துமா கெட்டுப்போச்சு என்ற பயமும் அவனுக்குள் பின்னிக் கிடக்கின்றன. முதல் பயத்தைப் போக்காமல் இரண்டாவதைப் பேசினால் ஒன்றும் ஏறாது. பயத்தைக் காட்டி யாரையும் பரிசுத்தமாக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் இடம். ஆலயத்தை ஒட்டிய ஆயர் அறையான வெஸ்ட்ரியில் கதவைச் சாத்திக்கொண்டு எதிரும் புதிருமாக உட்காராதீர்கள். அது அவனுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. நடந்துகொண்டே பேசுங்கள். ஆலயத்திலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போகிற எஸ்டேட் ரோடு இதற்கு ரொம்பத் தோது. நாலு பேர் பார்க்கிற இடம், ஆனால் பேச்சு யார் காதிலும் விழாது. பக்கத்தில் நடக்கிறவன் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். முதல் வளைவு வரை மழையைப் பற்றியும் பச்சைத் தேயிலை விலையைப் பற்றியும் பேசுவான். பேசட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

சொல்ல ஆரம்பித்ததும் குறுக்கே விழாதீர்கள். எத்தனை தடவை, எந்த நேரத்தில், யாரை நினைத்து என்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். அவை உங்கள் ஆவலைத் தீர்க்குமே தவிர அவனுக்கு உதவாது. நான் கேட்பது இரண்டுதான். "இது உன்னை எவ்வளவு நாளா வாட்டுது?" அப்புறம், "இதுக்குன்னு ஏதாவது மருந்து சாப்பிடுறியா?"

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். "வாலிப, வயோதிக அன்பர்களே" என்று கூப்பிட்டு லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்கிற வைத்தியர்களைத் தேடி மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போகிற பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள். ஒருவன் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிய டப்பாவில் லேபிளே இல்லை. உள்ளே கறுப்பாக, வெல்லப்பாகு மாதிரி ஒரு லேகியம். மூடியில் பேனாவால் 'இரவு பாலில்' என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டு வாரக் கூலி அதற்குப் போயிருந்தது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் பாழாக்கிவிடக்கூடும். முதல் வேலையாக அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பிறகு உடம்பைப் பற்றிய உண்மையை நேராகச் சொல்லுங்கள். ஒரு சொட்டு விந்து அறுபது சொட்டு ரத்தம் என்பது கட்டுக்கதை. விந்து உடம்பில் ஓயாமல் ஊறிக்கொண்டே இருப்பது. தூக்கத்தில் தானாக வெளியேறுவதும் இயல்பு. சுயஇன்பத்தால் கண் கெடாது, நரம்பு தளராது, பிள்ளை பிறக்காமல் போகாது. காலையில் சிறுநீர் கலங்கலாகப் போனால் அது விந்து என்று நடுங்குகிறார்கள். குளிரில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலே சிறுநீர் அடர்ந்து, உப்பு இறங்கிக் கலங்கும். எரிச்சலோ ரத்தமோ வீக்கமோ இருந்தால் அது வேறு விஷயம், குன்னூர் அரசு லாலி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். முதுகு வலியா? நாள் முழுக்கத் தேயிலைச் செடியை வெட்டுகிற கவாத்து மெஷினைத் தூக்கி நிற்கிறவனுக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும்.

இந்தப் பயத்தை மருத்துவத்தின் பெயரால் பரப்பியவர்களும் உண்டு. 1760இல் டிசோ என்ற சுவிஸ் மருத்துவர், சுயஇன்பம் மனிதனை உருக்கிக் கொன்றுவிடும் என்று புத்தகமே எழுதினார். ஐரோப்பா அதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம்பியது. நம் நாட்டில் தாது நஷ்டம், அதாவது விந்து போனால் உடல் பலமும் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பழையது. அந்தப் பயமே உடம்பு வலியாகவும் சோர்வாகவும் வெளிப்படுவதைக் கவனித்து, 1960இல் மனநல மருத்துவர் என்.என்.விக் அதற்கு 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் உங்கள் குரலில் உறுதி இருக்கும்.

இனி வேதம். அவன் ஏற்கெனவே யாரிடமோ ஓனான் கதையைக் கேட்டிருப்பான். ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். ஓனான் சுயஇன்பம் செய்யவில்லை. செத்துப்போன அண்ணனுக்குச் சந்ததி உண்டாக்கும் கடமையை ஏற்றுக்கொண்டவனைப்போல் அவனுடைய மனைவி தாமாரிடம் சேர்ந்துவிட்டு, பிள்ளை தன் பேரில் வராது என்பதற்காக விந்தைத் தரையில் விழவிட்டு அவளை ஏமாற்றினான். ஒரு விதவையை உபயோகித்துக்கொண்டு கைவிட்டதுதான் அங்கே தெரிகிற குற்றம். அடுத்து லேவியராகமம் 15:16. ஒருவனுக்கு விந்து கழிந்தால் குளிக்க வேண்டும், சாயங்காலம் வரை தீட்டு. அவ்வளவுதான். அதற்கென்று பாவநிவாரண பலி எதுவும் அங்கே கேட்கப்படவில்லை.

அப்படியானால் தப்பே இல்லையா என்று உடனே கேட்பான். இங்கே வழவழவென்று பேசாதீர்கள். சுயஇன்பம் என்ற செயலைப் பெயர் சொல்லித் தடுக்கிற வசனம் வேதத்தில் இல்லை. ஆனால் மத்தேயு 5:28 இருக்கிறது: "ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிற எவனும் தன் இருதயத்தில் அவளோடே விபசாரஞ்செய்தாயிற்று." பெண் எப்படி உடுத்தினாள், எங்கே நின்றாள் என்று இயேசு கேட்கவில்லை. பொறுப்பைப் பார்க்கிறவன் தலையில் வைத்தார். கூடவே 1 கொரிந்தியர் 6:12இல் பவுல், "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் பேசுவேன். திரையில் தெரிகிறவள் எந்த நிலைமையில், யாருடைய மிரட்டலில் அங்கே வந்து நிற்கிறாள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. தெரியாமலே அவளை உபயோகிக்கிறான். அது பாவம் என்று சொல்ல நான் தயங்குவதில்லை. உடம்பின் கிளர்ச்சியே பாவம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சபைக்குச் சபை போதனை மாறும் என்பதையும் மறைக்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2352ஆம் எண்ணில் இதைக் கடுமையான ஒழுங்கீனமாகத்தான் சொல்கிறது. அதே எண்ணில், முதிர்ச்சியின்மை, ஊறிப்போன பழக்கம், மனப்பதற்றம் போன்றவை ஒருவனுடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கவும் மிகச் சிறிதாக்கவும்கூடும் என்றும் சொல்கிறது. முதல் வரியைக் கேட்டவர்கள் பலர், இரண்டாவதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். கத்தோலிக்கத் தம்பி வந்தால் இதை எடுத்துக் காட்டி, அவனுடைய பங்குத்தந்தையிடம் போகச் சொல்லுங்கள். பெந்தெகொஸ்தே பிரசங்கங்களில் இது பாவம் என்றே பெரும்பாலும் கேட்டிருக்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபைகளில் ஆயருக்கு ஆயர் மாறும், நிறையப் பேர் பேசுவதே இல்லை.

பரிசுத்தம் வளர்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? இதைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்வேன். சாயங்காலம் இலை நிறுக்கிற இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள், மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் சீட்டு இடுப்பில் நனைந்து ஒட்டியிருக்கும். அங்கே நம்ம தம்பி எப்படி நிற்கிறான்? கூட இருக்கிறவர்கள் கமெண்ட் அடிக்கும்போது சிரிக்கிறானா, "சும்மா இருடா" என்கிறானா? பெயர் சொல்லி, அக்கா என்று கூப்பிட்டு, கூடையை இறக்க ஒரு கை கொடுக்கிறானா? ராத்திரி ஜெயித்தேன், தோற்றேன் என்று கணக்குச் சொல்கிறவனிடம் நான் இதைத்தான் கேட்கிறேன். ஒரு மாசம் விழாமல் இருந்துவிட்டு, பெண்களை ஏளனமாகப் பேசுகிறவன் பரிசுத்தத்தில் வளரவில்லை.

நாள் எண்ணுகிற பழக்கத்தையும் நான் ஆதரிப்பதில்லை. ஒரு நாள் விழுந்தால் எண்ணிக்கை போச்சே என்று அந்த வாரம் முழுக்க விழுகிறான். அதற்குப் பதிலாக, எந்த நேரத்தில் இழுப்பு வருகிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் மலையில் அது பருவத்தோடும் போகிறது. அக்டோபர், நவம்பர் அடைமழையில் வெளியே போக முடியாது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை குறைந்து வேலையும் குறையும், இருட்டு சீக்கிரம் விழும். தனிமை, சலிப்பு, வீட்டில் சண்டை, இவற்றுக்குப் பிறகுதான் போனை எடுக்கிறான். சண்டைக்கு ஒரு வழி பார்க்காமல் போனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை.

இருந்தாலும் போனுக்கு ஒரு இடம் வேண்டும். கம்பளிக்குள் போன் வரக்கூடாது. அடுப்படியில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுக்கட்டும், காலையில் எழுப்ப ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளட்டும். லைன் வீட்டில் ஒரே அறையில் அப்பா, அம்மா, தங்கச்சி, பாட்டி எல்லோரும் படுப்பார்கள். தனிமை என்பதே கிடையாது, அதனாலேயே வெட்கமும் பயமும் இரண்டு மடங்கு. திருப்பூரில் ரூம் எடுத்துத் தங்குகிறவனுக்கோ தனிமையைத் தவிர வேறொன்றும் இல்லை. அவனுக்கு அங்கே ஒரு சபையையும், சனிக்கிழமை ராத்திரி சேர்ந்து சாப்பிட ஒரு நண்பனையும் தேடிக் கொடுங்கள். பத்து மணி நேரம் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவன் மேல் மூன்று நாள் உபவாசத்தைச் சுமத்தாதீர்கள். களைத்த உடம்பு இன்னும் சீக்கிரம் விழும்.

திருவிருந்து ஞாயிறைக் கவனியுங்கள். எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள், ஒருவன் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு பெஞ்சிலேயே இருப்பான். அவன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்ப்பார். சின்ன சபையில் அது எல்லோருக்கும் தெரியும். 1 கொரிந்தியர் 11:28ஐ அவனோடு வாசியுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து "இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் இருக்கிறது. சோதித்துவிட்டு ஒதுங்கிப் போ என்று அங்கே இல்லை. உண்மையாய் மனம் வருந்துகிறவனுக்குத்தான் அந்தப் பந்தி. அவனை வரச் சொல்லுங்கள். கண்ணைப் பிடுங்கிப்போடு என்ற வசனத்தைச் சொல்லித் தன்னைத் தானே அடித்துக்கொள்கிறவனும், கையைச் சுட்டுக்கொள்கிறவனும் உண்டு. அப்படி ஏதாவது காயம் தெரிந்தால் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

சாட்சி சொல்லச் சொல்லி அவனைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தாதீர்கள். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, மைக்கில் சொல்லச் சொல்லவில்லை. உங்கள் மனைவியிடம்கூட அவன் பெயரைச் சொல்லக்கூடாது.

"ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள், வேகிறதைப்பார்க்கிலும் விவாகம் நலம் என்ற வசனத்தையும் துணைக்குக் கூப்பிடுவார்கள். சரியாகாது. போனோடு இருந்தவன் கல்யாணத்துக்குப் பிறகும் போனோடுதான் இருப்பான், பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள். ஆபாசப் படத்தை விட முடியாத நிலையில் இருக்கிறவன் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் தானே சொல்லிவிடுவது நியாயம் என்பது என் கருத்து. எப்போதோ இருந்து நின்றுபோன பழக்கத்தைத் தோண்டிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

சில விஷயங்கள் உங்கள் கையில் நிற்காது. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவன் சொன்னால், விளையாட்டாகச் சொன்னாலும், தனியாக விடாதீர்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104, இரண்டு எண்ணிலும் தமிழில் பேசலாம். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளிடம் தனியாக இந்தப் பேச்சே வேண்டாம். உடம்பு வளரும்போது நடப்பதைப் பெற்றோருக்குத் தெரிந்து, டாக்டரையோ நர்ஸையோ வைத்துப் பொதுவாகச் சொல்லிக்கொடுங்கள். யாராவது தன்னைத் தொட்டதாக ஒரு பிள்ளை சொன்னால் அது பரிசுத்தம் பற்றிய விஷயமே இல்லை, அந்தப் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. போலீசுக்கு உடனே சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்வது கட்டாயம். செய்தவர் சபைப் பெரியவராக இருந்தாலும் சரி.

பெண்பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. நம் சபைகள் அப்படி ஒன்று இல்லாததுபோலவே நடந்துகொள்கின்றன. அதை ஆண்கள் கேட்கக்கூடாது. ஆயர் அம்மாவோ, எஸ்டேட் நர்ஸோ, வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரிந்த ஒரு அக்காவோ முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இந்த வருடம் வாலிபர் ஐக்கியத்துக்குப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே அப்படி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அம்மாக்கள். மகன் போனில் எதையோ பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருவார்கள். "அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்பார்கள். குடித்துவிட்டு அடிக்கிற அப்பா என்றால் வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன். அன்று ராத்திரி எப்போதும்போல அவனுக்குச் சோறு போடச் சொல்லுங்கள். போனைப் பிடுங்கி உடைக்க வேண்டாம், தங்கச்சி முன்னால் திட்ட வேண்டாம். "பார்த்தேன்பா, எனக்குக் கஷ்டமா இருக்கு, நீ வாலிபர் கூட்டத்து அண்ணன்கிட்ட ஒரு தடவை பேசு" என்று ஒரு வாக்கியம் போதும். அதற்கு மேல் அம்மா துருவித் துருவிக் கேட்டால் பையன் பொய் சொல்லத்தான் பழகுவான். அவன் வருகிற ஞாயிறு வராவிட்டால், நீங்களே திங்கட்கிழமை வேலை விடுகிற நேரத்தில் வேலையாட்கள் பேர் பதிகிற மஸ்டர் ஆபீஸ் பக்கம் போய் நில்லுங்கள்.