டப்பா மேல இருக்கிற பேரை பாத்து பெல்லட் வாங்காதீங்க: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு பெல்லட் தரம் பாக்குறது எப்படி

ஷூட்டிங் ரேஞ்சுக்கு புதுசா வர்ற பசங்க, அவங்கள விட அதிகமா அவங்க அப்பாங்க, எங்கிட்ட கேக்குற மொத கேள்வி "சார் எந்த பெல்லட் பெஸ்ட்?" தான். பெல்லட்னா ஏர் ரைஃபிள்ல போட்டு சுடுற சின்ன ஈய குண்டு. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10-ஆ, எச் அண்ட் என் ஃபினாலே மேட்சா, ஜேஎஸ்பியான்னு. நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேப்பேன், எந்த பேரல்ல, அதான் துப்பாக்கி குழல்ல, போட்டு சுட்டு பாத்தீங்க? பதில் வராது. ஏன்னா ஒருத்தர் ரைஃபிள்ல ஊசி மாதிரி போற பெல்லட் பக்கத்து லேன்காரர் ரைஃபிள்ல சுமாரா போகும், ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே மாடல் ரைஃபிளா இருந்தாலும் கூட.

பிக்-போர், அதான் பெரிய குழல் ரைஃபிள் சுடுற வெளிநாட்டு ஆளுங்க சுட்ட தோட்டாவோட காலி பித்தளை கேஸை, மறுபடி நிரப்பி தோட்டா ஆக்குறதுக்காக, ஒண்ணொண்ணா எடை போட்டு கழுத்து தடிமன் அளந்து தனித்தனியா பிரிச்சு வெச்சுப்பாங்க. நம்ம நாட்டுல லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கவே கூடாது, அதனால நமக்கு அந்த கிறுக்கு எல்லாம் பெல்லட் மேல தான். லாஜிக் ஒண்ணு தான், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இல்லாம இருக்கணும்.

முதல்ல டப்பாவை திருப்பி பாருங்க. 4.5 மி.மீ னு பெருசா போட்டிருக்கும், ஆனா மேட்ச் பெல்லட்ல, அதான் போட்டிக்குன்னு செய்யுறதுல, ஹெட் சைஸ் (முன்பக்க தலையோட அளவு) னு தனியா 4.49, 4.50, 4.51 னு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எடையும் இருக்கும், ரைஃபிளுக்கு பொதுவா 0.53 கிராம், பிஸ்டலுக்கு அதை விட லேசு. அப்புறம் லாட் நம்பர், அதாவது ஒரே தடவைல தயாரான தொகுதியோட நம்பர், இதை தான் யாருமே பாக்குறதில்ல. ஒரே பேரு ஒரே சைஸா இருந்தாலும் லாட் மாறினா குணம் மாறும், அதனால டெஸ்ட் பண்ண ஒவ்வொரு லாட்லயும் ஒரு டப்பா வாங்கி, பிடிச்ச லாட்ல மொத்தமா வாங்கி வைக்கணும். நான் ஒரு தடவை ஒரு கடைக்காரர் "எல்லாம் ஒண்ணு தான் சார்"னு சொன்னதை நம்பி பத்து டப்பா வாங்கிட்டேன், வீட்டுக்கு வந்து பாத்தா மூணு லாட் கலந்து இருந்துச்சு. அதுல நாலு டப்பா இன்னும் பீரோல கிடக்கு.

அடுத்தது கண்ணால பாக்குறது. ஒரு வெள்ளை துணில நூறு பெல்லட்டை கொட்டி, நகைக்கடைல வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி ஒரு லென்ஸ்ல பாருங்க. பெல்லட்டோட பின்பக்க பாவாடை, அதான் ஸ்கர்ட், ஈயத்துல ரொம்ப மெல்லிசா இருக்கும், பார்சல்ல குலுங்கினாலே நசுங்கிடும். காத்து வந்து தள்ளுறதே அந்த ஸ்கர்ட்ட தான், ஒரு பக்கம் நசுங்கி இருந்தா காத்து ஒரு பக்கமா கசியும், பெல்லட் ஆடிட்டே போகும். நசுங்கினது, உள்ள ஈயத்தூள் ஒட்டினது, ஹெட் ஓரத்துல பிசிறு இருக்கிறது எல்லாத்தையும் தனியா எடுத்து எண்ணுங்க. நூத்துக்கு எத்தனை கழிஞ்சுதுங்கிறது தான் உங்க மொத மார்க். கழிச்சதை தூக்கி போட வேணாம், வார்ம்-அப்புக்கு ஆகும்.

வெள்ளையா பவுடர் பூத்திருந்தா அது ஈயம் ஆக்ஸிடைஸ் ஆனது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடல் பக்கம் வீடு இருக்கிறவங்க டப்பாவை திறந்து போட்டுட்டு போனா இது கேரண்டி. மூடி இறுக்கமா இருக்கிற டப்பால ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. அப்புறம் ஈயத்தை தொட்ட கையோட சமோசா சாப்பிடாதீங்க, சோப்பு போட்டு கழுவிட்டு சாப்பிடுங்க, பெல்லட்டை வாயில வெச்சுக்குற பழக்கம் சில பசங்களுக்கு இருக்கு, பாத்தா உடனே திட்டுங்க.

இப்போ எடை. இது தான் எல்லாரும் உயிரைக் கொடுத்து பண்றது, என்னை கேட்டா இருக்கிறதுலயே இது தான் பலன் கம்மி. கணக்கு பாருங்க, பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சுக்கோங்க, 10 மீட்டர் போறதுக்குள்ள சுமார் 17 மி.மீ கீழ இறங்கும். வேகத்துல 1 சதவீதம் மாறினா அந்த இறக்கம் கிட்டத்தட்ட 0.3 மி.மீ மாறும். டார்கெட்ல ஒரு ஷாட்டுக்கு 10.9, 10.8 னு வர்ற பாயிண்ட்ல டெசிமல் ஒவ்வொண்ணுக்கும் 0.25 மி.மீ தான் இடைவெளி, அப்போ 1 சதவீத வேகம்னா ஒரு டெசிமல் போச்சு. ஆனா பெல்லட் எடை 1 சதவீதம், அதாவது 5 மில்லிகிராம், கூடினா வேகம் ஏறக்குறைய அரை சதவீதம் தான் குறையும். ஆக 5 மில்லிகிராமுக்கு ஒரு டெசிமல் கூட முழுசா போகாது. நல்ல மேட்ச் டப்பால அந்த அளவுக்கு தப்பின பெல்லட் கொஞ்சம் தான் இருக்கும், அதை மட்டும் ஓரம் கட்டினா போதும். இதுக்கு 0.001 கிராம் காட்டுற தராசு வேணும், சௌகார்பேட்டைல நகை வேலை பாக்குறவங்களுக்கு விக்கிற கடைல கேளுங்க, 0.01 தராசு வாங்கினா காசு வேஸ்ட். எடை போடும்போது ஃபேனை ஆஃப் பண்ணணும், மே மாசத்துல இதை சொல்றதுக்கே எனக்கு பாவமா இருக்கு, ஆனா ஃபேன் ஓடினா கடைசி நம்பர் டான்ஸ் ஆடும்.

தராசை விட எனக்கு பிடிச்சது கண்ணாடி டெஸ்ட், செலவே இல்ல. பழைய போட்டோ ஃப்ரேம் கண்ணாடியை மேசை மேல லேசா சாய்ச்சு வெச்சு, மேல ஒரு ஸ்கேலை ஒட்டி, பெல்லட்டை அதே இடத்துல இருந்து படுக்க வெச்சு உருட்டி விடுங்க. ஹெட்டும் ஸ்கர்ட்டும் வேற வேற அளவு இல்லையா, அதனால நேரா உருளாது, வளைஞ்சு போகும். கீழ கட்டம் போட்ட பேப்பர் வெச்சா எது எந்த கட்டத்துல விழுதுன்னு தெரியும். ஒரே மாதிரி பெல்லட் ஒரே கட்டத்துல வந்து விழும், கூட்டத்தை விட்டு தூரமா போய் விழுறதுல ஹெட்டோ ஸ்கர்ட்டோ அளவு தப்பு. ரெண்டு பிராண்டை பக்கத்துல பக்கத்துல உருட்டினா எது ஒழுங்கான டப்பான்னு பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும்.

இதெல்லாம் பாஸ் ஆனாலும் கடைசி தீர்ப்பு பேப்பர்ல தான். தோள்ல வெச்சு சுட்டு பெல்லட்டை டெஸ்ட் பண்றது வேலைக்கு ஆகாது, அது உங்களை டெஸ்ட் பண்றது. ரைஃபிளை வைஸ்ல, அதான் அசையாம இறுக்கி பிடிக்கிற பிடில, கட்டி சுடணும், கிளப்ல வைஸ் இருந்தா கோச்சை கேட்டு அவர் முன்னாடியே பண்ணுங்க. ரைஃபிளோட சிலிண்டர்ல காத்து முழுசா நிரப்பிக்கோங்க. பிராண்ட் மாத்தும்போது மொத 15, 20 ஷாட்டை கணக்குல சேக்காதீங்க, பழைய ஈயம் பேரல்ல ஒட்டி இருக்கும். அப்புறம் ஒரு பேப்பர்ல 10 ஷாட், அந்த மாதிரி ஒவ்வொண்ணுலயும் மூணு பேப்பர். அஞ்சு ஷாட்ல குரூப், அதான் ஓட்டைங்க சேந்து விழுற கூட்டம், சின்னதா வந்துச்சுன்னு குதிக்காதீங்க, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கிறது இங்க செல்லாது, அஞ்சுல அதிர்ஷ்டம் நிறைய விளையாடும். மூணு பெல்லட்டை ஏ, பி, சி னு வரிசையா சுட்டா அடுத்த ரவுண்டு சி, பி, ஏ னு திருப்பி சுடுங்க.

குரூப்பை அளக்குறது சுலபம், வெர்னியர்ல ரொம்ப தள்ளி இருக்கிற ரெண்டு ஓட்டையோட வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வரை அளந்து, பெல்லட்டோட அகலம் 4.5 மி.மீ-ஐ கழிச்சுக்கோங்க. ஒரு லாட் 1.5 மி.மீ, இன்னொண்ணு 2.5 மி.மீ னு மூணு பேப்பர்லயும் அதே கதை வந்தா மொதல்ல உள்ளது தான் உங்க பெல்லட், டப்பா மேல யார் பேரு இருந்தா என்ன. வித்தியாசம் 0.2, 0.3 தான்னா விலை கம்மியா இருக்கிறதை எடுங்க.

ஆனா பையன் இன்னும் 8, 9 னு சுட்டுட்டு இருந்தா இதுல எதுவுமே இப்போ வேணாம். ஒன்பதாவது வளையம் குறுக்க 5.5 மி.மீ, அவன் கை ஆட்டம் அதுக்கு வெளிய நிக்கும்போது 4.49-ஆ 4.50-யானு மண்டையை உடைச்சு என்ன ஆகப் போகுது? சுமாரான டப்பாவா நாலு வாங்கிக் கொடுங்க, நிறைய சுடட்டும்.