விபத்துப் பதிவு உள்ளவர்கள் கார் காப்பீடு எடுக்கும்போது

முன்பு விபத்து ஏற்படுத்தியவர்கள், விதிமீறலுக்காக அபராதம் கட்டியவர்கள், புதிதாக உரிமம் பெற்ற இளைஞர்கள் ஆகியோரிடம் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் கேட்பது வழக்கம். அதற்கு அஞ்சி, விண்ணப்பத்தில் முந்தைய விபத்துகளைக் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். இழப்பீடு கோரும் வேளையில் அது தெரியவந்தால், கோரிக்கையை நிராகரிக்கவும் பாலிசியையே ரத்து செய்யவும் நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். ஒரே பாதுகாப்புக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறுபடும் என்பதால், சில இடங்களில் கேட்டு ஒப்பிடுங்கள். பழுதுச் செலவில் நாமே ஏற்கும் முதல் பகுதியை, அதாவது ‘டிடக்டிபிள்’ தொகையை உயர்த்தினால் பிரீமியம் இறங்கும். ஆனால் அவசரத்தில் கையிலிருந்து கொடுக்க முடிகிற அளவைத் தாண்டி அதை உயர்த்துவது, என் கருத்தில், ஆபத்தான சிக்கனம். பாலிசியை ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள்; இடைவெளி விழுந்தால் அடுத்த பிரீமியம் மேலும் ஏறக்கூடும்.