வார்ஃப்ரேமில் தங்கக் கலர் பாகம் எடுப்பது எப்படி? புதுசா வந்தவங்களுக்கு

டிசம்பர் லீவு விட்டதும் நம் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பையன்கள் வார்ஃப்ரேமை டவுன்லோடு பண்ணிவிடுவார்கள். 2013-லிருந்து ஓடும் கேம், ஆடக் காசும் வேண்டாம். கொஞ்ச நாளில் கேள்வி வரும்: "அண்ணா, வெண்கலமும் வெள்ளியும் வருது, தங்கம் மட்டும் ஏன் விழவே மாட்டேங்குது?" விடிய விடிய ஆடுகிறவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். ஆடுகிற நேரத்தில் பாதியைக் கணக்குக்குக் கொடுத்தால் போதும்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். வார்ஃப்ரேம் என்பது நாம் ஆடுகிற கவச வீரர்; பிரைம் என்றால் வார்ஃப்ரேமுக்கோ ஆயுதத்துக்கோ உள்ள மேம்பட்ட வடிவம். பிரைம் வார்ஃப்ரேம், பிரைம் ஆயுதம் பெரும்பாலானவற்றின் பாகங்கள் ரெலிக் என்ற பரிசுப் பொதிக்குள் இருக்கின்றன. ரெலிக்கில் லித், மெஸோ, நியோ, ஆக்ஸி என்று நாலு முக்கிய வகை. ஒவ்வொரு ரெலிக்கிலும் ஆறு பரிசு: மூன்று வெண்கலம், இரண்டு வெள்ளி, ஒரே ஒரு தங்கம். திறந்தால் ஆறில் ஒன்று வரும்.

படி 1: எந்தப் பாகம் வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். கையில் கிடைத்த ரெலிக்கை எல்லாம் திறந்துகொண்டே போனால் பெட்டி நிறையும், ஒரு செட்டும் முழுசாகாது. எந்த ரெலிக்கில் எது, எவ்வளவு சதவீதம் என்ற டிராப் டேபிளை கேமை உருவாக்கிய டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸே வெளியிடுகிறது. தேடுகிற பாகத்தின் ரெலிக் 'வால்ட்'டுக்குப் போயிருந்தால் அது இப்போது மிஷன்களில் விழாது. புதியவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்; இன்றைக்கு விழுகிற செட்டாகப் பார்த்து எடுங்கள்.

படி 2: ரெலிக் சேர்க்க வேண்டும். லித் வேண்டுமானால் வாய்ட் பகுதியில் ஹெபிட், மெஸோவுக்கு அங்கேயே உக்கோ. இரண்டும் கேப்சர் மிஷன். ஓடு, ஆளைப் பிடி, வெளியே வா, அவ்வளவுதான். ஆக்ஸிக்கு லுவாவில் அப்போலோ நல்ல இடம், ஆனால் கதையில் கொஞ்சம் முன்னேறிய பிறகுதான் லுவா திறக்கும்.

படி 3: இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ரெலிக்கை மெருகேற்ற வாய்ட் ட்ரேஸ் என்ற பொருள் செலவாகும். மெருகேற்றாத ரெலிக்குக்கு இன்டாக்ட் என்று பெயர். 25 ட்ரேஸ் போட்டால் எக்ஸெப்ஷனல், 50 போட்டால் ஃப்ளாலெஸ், 100 போட்டால் ரேடியன்ட். தங்கம் விழும் வாய்ப்பு இந்த வரிசையில் 2, 4, 6, 10 சதவீதம்.

இன்டாக்ட்டைத் தனியாகத் திறந்தால் சராசரியாக 50 தடவைக்கு ஒரு தங்கம். அதே ரெலிக்கை நாலு பேரும் ரேடியன்ட் ஆக்கி ஒன்றாகத் திறந்தால், நாலு பரிசும் எல்லார் திரையிலும் வரும். யார் ரெலிக்கில் தங்கம் விழுந்தாலும் நாலு பேரும் அதையே எடுத்துக்கொள்ளலாம். நாலில் ஒன்றிலாவது விழும் வாய்ப்பு 34 சதவீதம், அதாவது சராசரியாக மூன்று ஓட்டத்துக்கு ஒன்று. நாலு பேரும் இன்டாக்ட்டோடு போனால் அது 8 சதவீதத்தைக்கூடத் தொடாது.

இன்னொரு பக்கமும் உண்டு, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வெண்கலப் பாகம் வேண்டுமென்றால் ட்ரேஸைத் தொடாதீர்கள்! இன்டாக்ட்டில் ஒவ்வொரு வெண்கலத்துக்கும் 25 சதவீதத்துக்குச் சற்று மேல். ரேடியன்ட் ஆக்கினால் அது 17-க்குக் கீழே இறங்கிவிடும். காசு கொடுத்து வாய்ப்பைக் குறைத்துக்கொள்கிற வேலை அது. வெள்ளிக்கு ரேடியன்ட்டில் 20, ஃப்ளாலெஸ்ஸில் 17 சதவீதம். பாதி விலையில் கிட்டத்தட்ட அதே பலன், அதனால் வெள்ளிக்கு என் ஓட்டு ஃப்ளாலெஸ்ஸுக்கு. எக்ஸெப்ஷனல் எதற்கு இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ட்ரேஸ் எங்கே கிடைக்கும்? ரெலிக் திறக்கிற ஃபிஷர் மிஷன்களிலேயே, ஒரு ஓட்டத்துக்கு 6 முதல் 30 வரை. உங்கள் மாஸ்டரி ரேங்கை (ஆட்டக்காரர் நிலை) 50-ஆல் பெருக்கி 100-ஐக் கூட்டினால் வருவதுதான் சேர்த்து வைக்கும் உச்சவரம்பு. ஆகவே வெண்கல வேட்டையை இன்டாக்ட்டில் முதலில் முடியுங்கள். அதில் சேரும் ட்ரேஸ் தங்கத்துக்கு ஆகும்.

படி 4: ஆள் சேர்ப்பது. ரெக்ரூட்டிங் சாட்டில் ரெலிக் பெயரையும் ரேடியன்ட் என்பதையும் போட்டு, எத்தனை பேர் சேர்ந்தாயிற்று என்று எழுதினால் ஆள் வரும். உள்ளே போவதற்கு முன் நாலு பேரும் அதே ரெலிக்கை, அதே மெருகில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்டாக்ட்டோடு நைசாக நுழைகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

நம் டர்பன்காரர்களுக்கு ஒரு கூடுதல் வார்த்தை. மிஷன் ஓடுவது விளையாடுகிற நாலு பேரில் ஒருவருடைய மெஷினில், அவர்தான் ஹோஸ்ட். ஐரோப்பாக்காரர் ஹோஸ்ட்டாக இருந்தால் பிங் (இணையத் தாமதம்) எகிறும், ஆனாலும் ஆடலாம். உங்கள் ஏரியாவில் கரண்ட் போகிற நேரம் நெருங்கினால் நீங்கள் ஹோஸ்ட் ஆகாதீர்கள். நடுவில் ஹோஸ்ட் காணாமல் போனால் கேம் வேறு ஆளுக்கு மாறும். மாறும்போது சில சமயம் எல்லாமே கவிழ்ந்து, நாலு பேர் உழைப்பும் போச்சு. லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்துவிட்டால் பாதிக் கவலை விட்டது.

படி 5: மிஷனுக்குள். லித் ரெலிக்கைத் திறக்க லித் ஃபிஷருக்குப் போங்கள். கேப்சரோ எக்ஸ்டெர்மினேட்டோ (எதிரிகளை அழிக்கிற மிஷன்) பார்த்துப் போங்கள், சீக்கிரம் முடியும். கரப்ட் ஆன எதிரிகள் போடும் ரியாக்டன்ட் பத்து சேர்ந்தால்தான் ரெலிக் திறக்கும். கேப்சரில் ஆளைப் பிடித்ததும் எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள். நீங்கள் 10/10 ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள்.

படி 6: பாகம் கையில் வந்த பிறகு. ஒரு பிரைம் வார்ஃப்ரேமுக்கு மூன்று பாகமும் ஒரு மெயின் புளூபிரிண்ட்டும் வேண்டும். ஃபவுண்டரி என்ற தயாரிப்புப் பட்டறையில் மூன்று பாகத்தையும் ஒரே சமயத்தில் போடலாம், 12 மணி நேரம். அப்புறம் வார்ஃப்ரேமுக்கு 72 மணி நேரம். கேமை மூடினாலும், வீட்டில் கரண்டே இல்லாவிட்டாலும் ஃபவுண்டரி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே படுக்கும் முன் போட்டுவிடுங்கள். தயாரிக்கத் தேவையான ஓரோகின் செல் குறைந்தால் சனிக் கிரகத்து பாஸ் மிஷன். புது அக்கவுண்ட்டில் வரும் 50 பிளாட்டினத்தை (கேமின் விலையுயர்ந்த நாணயம்) அழகுப் பொருளுக்குக் கரைக்காதீர்கள். வார்ஃப்ரேமை வைக்கிற இடமான ஸ்லாட் ஒன்று 20, அதற்கு வேண்டும்.

மிச்சம் விழுந்த இரட்டைப் பாகங்களை மாஸ்டரி ரேங்க் 2 ஆனதும் மற்ற ஆட்டக்காரர்களுக்கு பிளாட்டினத்துக்கு விற்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை டிரேட் என்ற கணக்கு நம் நேரப்படி அதிகாலை 2 மணிக்குப் புதுசாகும். விலை போகாததை ரிலே என்ற பொது நிலையத்தில் டக்கட் என்ற நாணயமாக ஆக்கி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பேரோ கிடீர் என்ற வியாபாரி வருவார், அவரிடம் வாங்க கிரெடிட்டோடு டக்கட்டும் வேண்டும். அவர் வருவது நமக்குப் பிற்பகல். வேலையோ ஸ்கூலோ முடிந்து நிதானமாகப் போனாலும் சரக்கு தீராது.