முதல் படம் எடுத்தவர்களுக்கு: உங்கள் படத்தின் வயதுச் சான்றிதழை முன்கூட்டியே மதிப்பிடும் முறை

முதல் படத்தை முடித்த இயக்குநர்கள் பலர், சான்றிதழைப் படத்தின் தரத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் என்று எண்ணி, "ஏ" என்ற எழுத்தைக் கண்டதும் மனமுடைந்துபோகிறார்கள். எந்த வயதினர் பார்க்கலாம் என்று சொல்வது மட்டுமே அந்த எழுத்தின் வேலை. நீங்கள் எடுத்துக்கொண்ட கதை எதுவாயினும், அதைத் திரையில் எப்படிக் காட்டியிருக்கிறீர்கள் என்பதே பெரும்பாலும் அந்த வயதை முடிவுசெய்கிறது. ஆகவே, விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் படத்தை நீங்களே எடைபோட்டுப் பார்க்கும் வழியைப் படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: பிரிவுகளை அறிந்துகொள்ளுங்கள்

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டப்படும் படம் மத்தியத் திரைப்படச் சான்றளிப்பு வாரியத்தின் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். 1983இல் வாரியத்தின் பெயரிலிருந்து "தணிக்கை" நீக்கப்பட்டு "சான்றளிப்பு" சேர்க்கப்பட்டது. ஆனாலும் நம் பேச்சில் அது இன்றும் சென்சார் போர்டுதான். "யு" எல்லோருக்கும் உரியது. "ஏ" 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். "எஸ்" மருத்துவர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு. நடுவிலுள்ள "யுஏ" நாற்பது ஆண்டுகளாக, 12 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற ஒரே பொருளில் வழங்கிவந்தது. 2023ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. எட்டு வயதுக் குழந்தையையும் பதினைந்து வயது மாணவனையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. இது வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம் என்பது என் கருத்து. இந்த வயதுக் குறிப்பு பெற்றோர் முடிவெடுப்பதற்கானது. யுஏ 16+ படத்துக்குத் தந்தையோடு வரும் பத்து வயதுச் சிறுமியை அந்தக் குறிப்பைக் காட்டி அரங்க ஊழியர் தடுக்க முடியாது. "ஏ" படமென்றால் அவளை உள்ளே விடவே கூடாது.

இரண்டாம் படி: குறிப்பேட்டோடு ஒருமுறை பாருங்கள்

படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு, வன்முறை, பாலியல், ஆடையின்மை, போதைப்பொருள், வசைச்சொல், அச்சம், சாதி மத பாலின இழிவு ஆகியவை வரும் இடங்களை நிமிடம், நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் தவறவிடும் தலைப்பு இன்னொன்று உண்டு: குழந்தைகள் பார்த்துச் செய்துபார்க்கக்கூடிய ஆபத்தான செயல். பாடல் வரிகளையும் படத்தின் தலைப்பையும்கூடப் பட்டியலில் சேருங்கள், தலைப்பும் ஆராயப்படும்.

மூன்றாம் படி: குறித்தவற்றை எடைபோடுங்கள்

இங்குதான் நிதானம் வேண்டும். குடித்துவிட்டு வந்த கணவன் மனைவியை அடிக்கும் காட்சி ஒன்று உங்கள் படத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடிய கதவுக்கு இப்பால் நிற்கும் மகளின் முகத்தை மட்டும் காட்டி, உள்ளிருந்து பாத்திரம் விழும் ஓசையைக் கேட்கவைத்தால், அது யுஏவின் கீழ்ப்படிகளில் அடங்கிவிட வாய்ப்புண்டு. அதே அடியை அருகிலிருந்து, இரத்தத்தோடு, இரண்டு நிமிடம் நீட்டிக் காட்டினால் 16+ அல்லது "ஏ" பக்கம் நகரும். அடிப்பதை ஆண்மையின் அழகாகக் காட்டி, பின்னணி இசையால் கைதட்டலுக்கு அழைத்தால், இரத்தமே இல்லாவிட்டாலும் எடை கூடும். ஏனெனில் வன்முறையைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாது என்பது 1991ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் உள்ள கட்டளை. ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே, எவ்வளவு நேரம், எவ்வளவு அருகில், யாருடைய பக்கம் நின்று என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள்.

பிறகு படத்தை முழுமையாக நினைத்துப் பாருங்கள். தனிக்காட்சியைப் பிய்த்தெடுத்துப் பார்க்காமல், முழுப்படம் ஏற்படுத்தும் விளைவையும், கதை நிகழும் காலத்தையும் கருதியே தீர்மானிக்க வேண்டும் என்று அந்த நெறிகளே சொல்கின்றன. "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற தமிழ்ப்படத்தின் யு சான்றிதழை உயர்நீதிமன்றம் ரத்துசெய்தபோது, 1989இல் உச்சநீதிமன்றம் அதை மீட்டுக்கொடுத்தது. எளிதில் புண்படுபவரின் கண்ணால் அல்லாமல், பொது அறிவுள்ள சாதாரண மனிதரின் கண்ணால் படத்தை அளக்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பின் அளவுகோலை நீங்களும் கைக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விண்ணப்பம்

இ-சினிபிரமாண் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கதைச்சுருக்கமும் பாடல் வரிகளும் தயாராக இருக்கட்டும். விலங்குகளை நடிக்கவைத்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் சான்றும் தேவைப்படும். இதைக் கடைசி வாரத்தில் தேடுவோர் வெளியீட்டுத் தேதியை இழக்கிறார்கள். சென்னை உட்பட ஒன்பது நகரங்களில் வாரியத்தின் மண்டல அலுவலகங்கள் உள்ளன.

ஐந்தாம் படி: குழுவின் முடிவும் உங்கள் முடிவும்

பெண்களும் இடம்பெறும் ஆய்வுக்குழு படத்தைப் பார்த்து, பிரிவையும் தேவையான வெட்டுகளையும் பரிந்துரைக்கும். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புண்டு. மூன்றாம் படியில் எழுதிய குறிப்பேடு அப்போது கைகொடுக்கும். வெட்டுகளை ஏற்றுக் கீழ்ப்பிரிவைப் பெறுவதா, வெட்டாமல் மேல்பிரிவை ஏற்பதா என்பதைப் பதற்றமின்றி முடிவுசெய்யுங்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக்கு யு ஒரு நிபந்தனையாக இருந்ததால், கதையின் உயிரையே வெட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. பெரியவர்களுக்காக எடுத்த படத்தை யுவாகச் சுருக்குவது படத்துக்கும் பார்வையாளருக்கும் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். முடிவு சரியல்ல என்று தோன்றினால் மறுஆய்வுக் குழுவை நாடலாம். 2021இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால், அதற்குமேல் உயர்நீதிமன்றம்தான்.

ஆறாம் படி: சான்றிதழ் வந்தபின்

படத்தின் தொடக்கத்தில் சான்றிதழை 10 நொடிகள் காட்ட வேண்டும். வெட்டிய காட்சியை அரங்கில் மீண்டும் சேர்ப்பது குற்றம். முன்பு 10 ஆண்டுகளாக இருந்த செல்லுபடிக் காலம் இப்போது நிரந்தரமாகிவிட்டது. "ஏ" படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட விரும்பினால், உரிய மாற்றங்கள் செய்து மீண்டும் சான்றிதழ் பெற வேண்டும். ஓடிடி தளத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி அந்தத் தளமே இதே போன்ற வயதுப் பிரிவுகளில் படத்தை வகைப்படுத்தும். உங்கள் குறிப்பேட்டின் நகல் ஒன்றை அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.