பிரைமரி ரிசல்ட்டைக் கணிக்கணுமா? கைதட்டலை விடுங்க, டெலிகேட்டை எண்ணுங்க

2020 பிப்ரவரி 22, நெவாடாவில் பெர்னி சாண்டர்ஸ் ஜெயித்த ராத்திரி. அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அவர்தான், இனி பேச்சே இல்லை என்று நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சானிடம் போனில் அடித்துச் சொன்னேன், பிரியாணி பந்தயமும் கட்டினேன். பத்தே நாளில் தோற்றேன். சவுத் கரோலினாவில் ஜோ பைடன் பெரிதாக ஜெயித்தார், பூட்டஜெஜும் குளோபுஷாரும் விலகி அவர் பக்கம் போனார்கள், மார்ச் 3 அன்று ஓட்டுப் போட்ட 14 மாநிலங்களில் 10 அவருக்கு. அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது வந்த மனுஷன்! பந்தயத்தில் தோற்ற பிறகுதான் உட்கார்ந்து இதை ஒழுங்காகப் படித்தேன். 2028க்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் நீங்களும் பழகிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி என்பது ஒரே நாளில் நாடு முழுக்க நடக்கும் தேர்தல் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு தேதியில் ஓட்டுப் போட்டு, அந்த ஓட்டுக்கு ஏற்றபடி கட்சி மாநாட்டுக்கு டெலிகேட்டுகளை, அதாவது பிரதிநிதிகளை அனுப்பும், அவர்களில் பாதிக்கு மேல் யார் பக்கம் இருக்கிறார்களோ அவர்தான் வேட்பாளர். 2020இல் ஜனநாயகக் கட்சியில் ஓட்டை வைத்துப் பங்கிடப்பட்ட டெலிகேட்டுகள் 3,979, ஜெயிக்க 1,991 வேண்டும். நான் துள்ளிக் குதித்த அந்த முதல் மூன்று மாநிலங்களில் எத்தனை தெரியுமா? அயோவா 41, நியூ ஹாம்ப்ஷயர் 24, நெவாடா 36. மொத்தம் 101. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மார்ச் 3 ஒரு நாளில் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டெலிகேட்டுகள் இருந்தன, கலிஃபோர்னியாவில் மட்டுமே 415.

அதனால் முதல் வேலை, ஒரு எக்செல் ஷீட் திறப்பது. தேதி, மாநிலம், டெலிகேட் எண்ணிக்கை, பங்கிடும் விதி, யார் ஓட்டுப் போடலாம், இந்த ஐந்து பத்தி போதும். இதை ஒவ்வொரு தடவையும் புதிதாக நிரப்ப வேண்டும், பழைய ஷீட்டைத் தூசி தட்டி எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2024இல் ஜனநாயகக் கட்சி சவுத் கரோலினாவை முதலில் கொண்டுவந்து வைத்தது, நியூ ஹாம்ப்ஷயர் ஒத்துக்கொள்ளாமல் தன் பாட்டுக்கு ஜனவரியிலேயே நடத்தியது, அங்கே ஓட்டுச்சீட்டில் பைடன் பெயரே கிடையாது, ஆனாலும் மக்கள் கையால் எழுதியே அவரை ஜெயிக்க வைத்தார்கள்.

அடுத்து பங்கிடும் விதி. இதுதான் விஷயமே, நிறைய பேர் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகக் கருத்துக்கணிப்புக்குப் போய்விடுவார்கள். ஜனநாயகக் கட்சியில் விகிதாசாரம், ஆனால் 15 சதவீதம் தொடாதவருக்குப் பூஜ்யம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 டெலிகேட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் 34 சதவீதம், இரண்டாவது 22, மூன்றாவது 16, மீதி 28 நாலைந்து பேருக்குச் சிதறிவிட்டது. கோட்டைத் தாண்டிய மூவருக்கும் சேர்த்து 72, அந்த 72க்குள் பங்கு போட்டால் முறையே 5, 3, 2. மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்குப் பாதி டெலிகேட்! இப்போது மூன்றாவது ஆளுக்கு 16க்குப் பதில் 14 என்று வையுங்கள், குறைந்த 2 சதவீதம் பின்னால் நிற்கும் சில்லறை ஆட்களுக்குப் போகட்டும். அவருக்கு ஒன்றுமில்லை, முதல் இருவர் 6, 4. இரண்டு சதவீதம் என்பது கருத்துக்கணிப்பில் சாதாரணப் பிழை அளவு. ஆகவே 13, 14, 15, 16 என்று ஊசலாடும் ஆளைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும், முதலிடத்தில் இருப்பவரை அல்ல.

இதே கணக்கு மாநில அளவிலும் நடக்கும், ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் தனித்தனியாக நடக்கும். இருவர் மோதும்போது 4 டெலிகேட் உள்ள தொகுதியில் ஒருவர் 60 சதவீதம் வாங்கினாலும் 2-2 தான், 62.5ஐத் தாண்டினால்தான் 3-1. மூன்று டெலிகேட் தொகுதியில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தாலே 2-1. ஒபாமா ஆட்கள் 2008இல் இந்த நுணுக்கத்தை வைத்துத்தான் விளையாடினார்கள். ஹிலரி கிளின்டன் நியூ ஜெர்சி மாதிரி பெரிய மாநிலத்தை ஜெயித்து 11 டெலிகேட் முன்னிலை எடுத்தார், அதே நாளில் ஒபாமா ஐடஹோ என்கிற சின்ன மாநிலத்தின் காக்கஸில் (ஓட்டுச்சாவடிக்குப் பதில் கட்சிக்காரர்கள் கூட்டம் கூடி ஆளைத் தேர்ந்தெடுப்பது) 15-3 என்று அடித்து 12 முன்னிலை எடுத்துவிட்டார். டெக்சாஸில் பிரைமரியை ஜெயித்தவர் ஹிலரி, காக்கஸையும் சேர்த்துக் கடைசியில் அதிக டெலிகேட் எடுத்தவர் ஒபாமா.

குடியரசுக் கட்சியில் கதை வேறு. அங்கே மாநிலத்துக்கு ஒரு விதி. பொதுவாக மார்ச் பாதிக்கு முன் வருகிறவர்கள் ஏதோ ஒரு விதத்தில் விகிதாசாரம் வைக்க வேண்டும், அதற்கு அப்புறம் ஜெயித்தவருக்கே எல்லாம் என்று வைத்துக்கொள்ளலாம். இதிலும் ஆரம்ப மாநிலங்களுக்கு விலக்கு உண்டு. 2016 சவுத் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 33 சதவீதத்துக்கும் கீழே, எடுத்தது 50க்கு 50 டெலிகேட். பிறகு ஃப்ளோரிடாவின் 99உம் மொத்தமாக அவருக்குப் போனது. அந்த வருடம் நாடு முழுக்கக் குடியரசுக் கட்சி பிரைமரி ஓட்டுகளில் பாதிகூட வாங்காமல் அவர் வேட்பாளர் ஆனார் என்பதை ‘அலை’ என்று சொல்லி விளக்க முடியாது, விதியைப் படித்தால்தான் புரியும்.

யார் ஓட்டுப் போடலாம் என்ற பத்தியை லேசாக விட்டுவிடாதீர்கள். நியூயார்க்கில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே போடலாம், நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியும் சேராதவர் வந்து பிடித்த கட்சியின் ஓட்டுச்சீட்டை எடுக்கலாம். 2000இல் ஜான் மெக்கெய்ன் அங்கே புஷ்ஷைத் தூக்கி அடித்ததில் அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய பங்கு, ஆனால் வேட்பாளர் ஆனது புஷ். அப்புறம், வாக்காளர் யார் என்பது. அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள். சவுத் கரோலினாவில் ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். 2020இல் பைடன் அதுவரை தோற்றதெல்லாம் அவருடைய ஆட்கள் இல்லாத ஊரில். அதை நான் யோசிக்கவே இல்லை.

கருத்துக்கணிப்புக்கு வருவோம். ஒரு வருடத்துக்கு முந்தைய தேசியக் கணிப்பைப் பார்ப்பதில் தப்பில்லை, நம்பித் தூங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். 2007இல் பெரும்பாலும் குடியரசுக் கட்சியில் ரூடி ஜூலியானி முன்னணியில் இருந்தார். முதல் மாநிலங்களை விட்டுவிட்டு ஃப்ளோரிடாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார், அங்கே மூன்றாவதாக வந்து மூட்டை கட்டினார். 2019 ஜூன் விவாதத்துக்குப் பிறகு கமலா ஹாரிஸ் சட்டென்று ஏறியபோது நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் துளசேந்திரபுரம் படம் சுற்றியது நினைவிருக்கலாம். டிசம்பர் 3 அன்று, முதல் ஓட்டு விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே விலகிவிட்டார். கடைசி வாரக் கணிப்பும் கால் வாரும். 2008 நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா முன்னணி என்றார்கள், ஹிலரி ஜெயித்தார். 2016 மிச்சிகனில் ஹிலரிக்குச் சுமார் 20 புள்ளி முன்னிலை என்றார்கள், சாண்டர்ஸ் ஜெயித்தார். பொதுத்தேர்தலைவிட பிரைமரியில் பிழை அதிகம், ஏனென்றால் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள், மனசு மாற ஒரு நல்ல விவாதம் போதும். ஒற்றைக் கணிப்பை எடுக்காமல் சராசரி எடுங்கள், எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள், மாநிலக் கணிப்பு கிடைத்தால் தேசியக் கணிப்பைத் தள்ளி வையுங்கள்.

பணத்தை ரொம்பப் பெரிதாக எடுக்காதீர்கள். 2016இல் குடியரசுக் கட்சியின் ஜெப் புஷ் பக்கம் 10 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது, கிடைத்தது 4 டெலிகேட். 2020இல் ஜனநாயகக் கட்சியில் கோடீஸ்வரர் புளூம்பெர்க் 100 கோடி டாலர் அளவுக்குக் கொட்டியும் அவர் முதலிடம் பிடித்த ஒரே இடம் அமெரிக்கன் சமோவா என்கிற குட்டித் தீவுப் பகுதி. கையில் காசு இல்லாவிட்டால் ஆள் வெளியேறுவார் என்பது மட்டும் நிஜம், ஆகவே காசை வைத்து யார் ஜெயிப்பார் என்று பார்க்காதீர்கள், யார் போகப்போகிறார் என்று பாருங்கள்.

யார் எப்போது விலகுவார் என்று யோசிப்பதுதான் என் அனுபவத்தில் கணிப்பின் பாதி வேலை. ஒவ்வொரு ஆளின் பெயருக்கு நேரே அவர் ஓட்டு அடுத்து யாருக்குப் போகும் என்று எழுதிவையுங்கள், கணிப்புகளில் ‘இரண்டாவது விருப்பம்’ என்று கேட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். 2016இல் குடியரசுக் கட்சியில் டிரம்பை எதிர்த்தவர்கள் விலகாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஓட்டு உடைந்தது. 2020இல் ஜனநாயகக் கட்சியில் இரண்டே நாளில் இடத்தைக் காலி செய்தார்கள். இதற்கு முன்னறிகுறி பெரிய தலைகளின் ஆதரவு. சவுத் கரோலினாவின் செல்வாக்குள்ள கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தது பிப்ரவரி 26, சவுத் கரோலினா ஓட்டு 29. அந்த மூன்று நாளில் நான் பந்தயத்தை மாற்றியிருக்கலாம்.

கணிப்பைச் சொல்லும்போது ‘இவர்தான்’ என்று சொல்லாமல் ‘இவருக்கு நூற்றுக்கு 60, அவருக்கு 25, மற்றவர்களுக்கு 15’ என்று தேதி போட்டு எழுதி வையுங்கள், திருத்தினால் பழையதை அழிக்காமல் கீழே எழுதுங்கள். அந்த 15ஐ விட்டுவிடாதீர்கள், பிரைமரியை முடித்த பிறகும் 2024 ஜூலையில் பைடன் விலகி, ஒரு பிரைமரிகூட ஜெயிக்காத ஹாரிஸ் வேட்பாளரானது அந்த ஓரத்தில்தான் இருந்தது.

மார்ச் பாதியைத் தாண்டியதும் கணக்கு சுலபம். பின்னால் இருப்பவருக்கு இன்னும் எத்தனை வேண்டும், மிச்சம் எத்தனை இருக்கிறது, ஒன்றை மற்றதால் வகுங்கள். ஜனநாயகக் கட்சியில் அது 60 சதவீதத்தைத் தாண்டினால் விகிதாசார விதியில் எட்டிப் பிடிப்பது கிட்டத்தட்ட நடக்காது. 2008 மார்ச் 4 அன்று ஒஹையோவையும் டெக்சாஸ் பிரைமரியையும் ஹிலரி ஜெயித்து டிவியெல்லாம் ‘திரும்பி வந்துவிட்டார்’ என்று கொண்டாடியபோது டெலிகேட் இடைவெளி கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஜூன் 7 வரை அவர் போட்டியில் இருந்தார், நானும் மச்சானும் அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.