மோட்டார் டிரைவரில் ஓம் அளவு குழப்புகிறதா?

சிறு மோட்டார்களை இயக்கும் எல்298என் மோட்டார் டிரைவர் பலகையின் இரண்டு அவுட்புட்களுக்கு நடுவே மல்டிமீட்டர் 4 ஓம் காட்டியதும், சிப் எரிந்துவிட்டது என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டேன். மோட்டார் ஒயரைக் கழற்றவே இல்லை! மீட்டர் அளந்தது மோட்டாரின் சுருளை.

ஆகவே மின்சாரத்தையும் மோட்டாரையும் முதலில் கழற்றுங்கள். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளக்கும்போது எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் பயப்பட வேண்டாம். பெரிய மின்தேக்கி மீட்டரின் மின்னோட்டத்தில் நிரம்புகிறது, அவ்வளவுதான். மீட்டரின் முனைகளை மாற்றி வைத்தால் வேறு எண் வருவதும் பழுதல்ல, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் இடையில் இருக்கின்றன.

உண்மையில் இங்கே ஓம் அளவை நம்புவதே வீண். மீட்டரை டயோடு சோதனைக்கு மாற்றுங்கள். சிவப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, கறுப்பு முனையால் நான்கு அவுட்புட்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பிறகு கறுப்பு முனையை மோட்டார் சப்ளையில் வைத்து, சிவப்பு முனையால் அதே நான்கையும் தொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.5 முதல் 0.7 வோல்ட் வர வேண்டும். மூன்று ஒத்துப்போய் ஒன்று மட்டும் இரு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால், அந்தப் பக்கம் ஷார்ட் ஆகியிருக்கிறது. சிப்பை மாற்றும் முன் அதே அவுட்புட்டுக்காகச் சிப்புக்கு வெளியே பலகையில் இருக்கும் டயோடுகளைக் கழற்றிச் சோதித்துவிடுங்கள். சில நேரம் பழுதானது ஒரு டயோடு மட்டுமாகவே இருக்கும்.